பத்திரத்தில் 110 அடி, டவுன் சர்வேயில் கணக்கு உதைக்கிறது: பழைய வீடு வாங்கும் முன் அளக்கத்தான் வேண்டுமா?

கும்பகோணத்து_மருமகன்

வணக்கம். நாங்கள் இருப்பது தாம்பரத்தில், வாடகை வீடு. மாமனார் ஊர் கும்பகோணம். அங்கே டவுனுக்குள்ளேயே ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. வடக்குப் பார்த்த வாசல், திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அப்புறம் நீளமாகக் கொல்லை. முன்பகுதி நூறு வருஷம் இருக்கும் என்கிறார் விற்பவர். பின்னால் இரண்டு அறை மட்டும் கான்கிரீட், 1989க்கு அப்புறம் போட்டதாம். இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள்.

பத்திரத்தில் "கிழமேல் வடபுறம் 24 அடி, தென்புறம் 23 அடி, தென்வடல் இருபுறமும் 110 அடி" என்று இருக்கிறது. கிழக்கு மேற்கு அகலத்துக்குச் சராசரி போட்டு, வடக்கு தெற்கு நீளத்தால் பெருக்கினால் 2585 சதுர அடி. நானும் மச்சானும் டேப் பிடித்துப் பார்த்தோம், கொல்லைக் கடைசிச் சுவர் வரைக்கும் 110 சரியாக வருகிறது. ஆனால் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் எடுத்த டவுன் சர்வே (நகர நில அளவைப் பதிவேடு) நகலில் 221 சதுர மீட்டர்தான் போட்டிருக்கிறது. அதாவது 2379 சதுர அடி. 206 சதுர அடி எங்கே போனது என்று புரோக்கரிடம் கேட்டால், "டவுன் சர்வேயில் எப்பவும் இப்படித்தான் சார் தப்பாக இருக்கும், பத்திரம்தான் பேசும், இடம் கண்ணெதிரே இருக்கிறதே" என்று சிரிக்கிறார். விலை சதுர அடிக்கு 3200, அவர்கள் கணக்குப் போடுவது 2585க்கு.

பேங்க்கில் லோனுக்கு லீகல் பார்த்தாகிவிட்டது. அவர்கள் அனுப்பிய இன்ஜினியரும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் போய்விட்டார், ஓகே என்றும் சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷ வில்லங்கமும் சுத்தம். இதற்கு மேல் தனியாக சர்வேயர் வைத்து அளப்பது, கட்டடத்துக்கு இன்ஜினியர் வைப்பது எல்லாம் தேவையா, வீண் செலவா? அடுத்த வாரம் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

சங்கிலி_லிங்க்

தம்பி, நில அளவையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ரிடையர் ஆனவன் நான். 66 அடிச் சங்கிலியை வெயிலில் இழுத்த காலத்து ஆள், பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் அது.

டேப் பிடித்ததில் உங்களுக்குத் தெரிந்தது சுவர் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான். சுவர் நிற்கிற இடமெல்லாம் விற்பவருடைய இடம் ஆகிவிடாது. 206 சதுர அடியைச் சராசரி அகலம் 23.5 ஆல் வகுத்துப் பாருங்கள், 8.8 அடி வரும். பக்கவாட்டில் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கிறது, அங்கே ஒரு சாண் குறையலாம், ஒன்பது அடி குறையாது. அப்போது குறைகிறது நீளத்தில். 110 அல்ல, 101 சொச்சம். கொல்லைக் கடைசியில் ஏதோ இருக்கிறது.

என் சந்தேகத்தைச் சொல்கிறேன். பழைய டவுன்களில் எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் வீடுகளுக்குப் பின்னால் துப்புரவுக்கு என்றே ஒரு சந்து விட்டிருப்பார்கள். அது முனிசிபாலிட்டி இடம். ஃப்ளஷ் அவுட் வந்து அந்தச் சந்துக்கு வேலை இல்லாமல் போனதும், ஆளாளுக்குத் தன் கொல்லைச் சுவரைப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் விற்கும்போது எழுதிய பத்திரத்தில் சுவர் வரைக்கும் அளந்து எழுதிவிட்டார்கள். பதிவு அலுவலகத்தில் யாரும் டேப் எடுத்துக்கொண்டு வந்து அளப்பதில்லை, எழுதிக் கொடுத்ததுதான் பதிவாகும். அந்தப் பத்திரத்தைப் பார்த்து அடுத்த பத்திரம், அதைப் பார்த்து அதற்கடுத்தது.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். அதனால் தாய்ப்பத்திரங்களை, அதாவது இதற்கு முந்தைய பத்திரங்களை எல்லாம் வாங்கி, அளவும் சக்குபந்தியும் (நாலு பக்க எல்லை விவரம்) எந்த வருஷப் பத்திரத்தில் மாறுகிறது என்று பாருங்கள். முப்பது வருஷ வில்லங்கம் போதாது, அதற்கு முன்னால் போங்கள். டவுன் சர்வே வரைபடத்தையும் எடுத்து, உங்கள் எண்ணுக்குத் தெற்கே என்ன எண், அது யார் பெயரில் என்று பாருங்கள். இன்னொன்று, ரொம்ப முக்கியம், நீங்கள் எழுதவே இல்லை: டவுன் சர்வே பதிவேட்டில் உரிமையாளர் கலத்தில் யார் பெயர்? கும்பகோணத்தில் கோயில், மடத்து அடிமனையில் நிற்கிற வீடுகள் நிறைய. கட்டடம் மட்டும் இவர்களுடையது, மண் சாமியுடையது, அடிமனை வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். அது தெரியாமல் மண்ணுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு அறநிலையத் துறை வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசு சர்வேயரை வைத்து அளக்க நீங்கள் மனுப் போட முடியாது, பட்டாதாரர்தான் போட வேண்டும். விற்பவரைப் போடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும், அவர்கள் எதிரில் அளப்பார்கள், அதுதான் அதன் பலமே. விற்பவர் "எதுக்கு சார் அதெல்லாம்" என்று இழுத்தால் அதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும். உரிமம் பெற்ற தனியார் நில அளவரை வைத்தும் அளக்கலாம், சீக்கிரம் முடியும், உங்கள் மனத் தெளிவுக்கு நல்லது. நாளைக்குத் தகராறு என்று வந்தால் மட்டும் அந்த ஸ்கெட்ச் அவ்வளவு எடுபடாது.

ரௌத்திரம்78

இதெல்லாம் ஓவர். முப்பத்தைந்து வருஷமாக அந்த ஒன்பது அடியை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள், சந்தாகவே இருந்தாலும் நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை, அதாவது அனுபவ பாத்தியம், வந்துவிட்டது. சும்மா பயமுறுத்தாதீர்கள். டவுனில் இந்த விலைக்கு இடம் எங்கே கிடைக்கிறது? நீங்கள் யோசித்துக்கொண்டே இருங்கள், வேறு யாராவது முடித்துவிட்டுப் போவார்கள்.

செங்கல்_சுண்ணாம்பு

அளவு விஷயம் பெரியவர் சொல்லிவிட்டார். நான் சிவில், பழைய வீடு பழுது பார்ப்பதே தொழில், கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பேங்க் இன்ஜினியர் ஓகே சொன்னதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அவர் வந்தது பேங்க்குக்காக. கடன் திரும்பி வராவிட்டால் விற்று எடுக்க முடியுமா, கடன் காலம் முடியும் வரை கட்டடம் நிற்குமா, இதுதான் அவர் கேள்வி. கூடத்து உத்திரம் செல்லரித்திருக்கிறதா என்று அவர் ஏன் ஏணி போட்டுப் பார்க்கப் போகிறார்?

முன்பகுதி பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸாக இருக்கும், கட்டைக்குத்து என்றும் சொல்வார்கள். தேக்கு உத்திரம், அதன் மேல் கட்டைகள், அதற்கு மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் வைத்து சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி போட்டு அடித்து, தட்டோடு பதித்த தளம். இந்தத் தளம் கெட்டுப்போவது நடுவில் அல்ல. கட்டையின் தலை சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான். மேலே தட்டோட்டு இணைப்பில் இறங்குகிற தண்ணீர் சுவர் ஓரமாக வந்து அந்தத் தலையில் தங்கும், ஈரமான மரத்துக்குக் கரையான் வரும். வெளியே பார்த்தால் வார்னிஷ் பளபளப்பாக இருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போய் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு விடாது. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்தக் கட்டை போயிற்று. ஒன்றிரண்டு கட்டை என்றால் மாற்றிவிடலாம். எட்டு, பத்து என்றால் தளத்தையே இறக்க வேண்டும், அந்த வேலை தெரிந்த கொத்தனார் இப்போது கிடைப்பதே பெரும்பாடு.

என்னைக் கேட்டால் நூறு வருஷ முன்பகுதியை விட அந்த 1989 கான்கிரீட் அறைகளைத்தான் அதிகம் சந்தேகப்படுவேன். கம்பிக்குக் கீழே போதிய கனம் விடாமல் போட்ட தளம் அந்தக் காலத்தில் ஏராளம். கம்பி துருப்பிடித்தால் உப்பும், உப்பினால் கீழ்க் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். சீலிங்கில் கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக விரிசல் ஓடுகிறதா பாருங்கள். ஒரு கம்பால் தட்டிக்கொண்டே போங்கள், பொத்துப் பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் உள்ளே பிரிந்திருக்கிறது. புதிதாகப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருந்தால் எங்கே மட்டும் அடித்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அப்புறம் ஈரம். காவேரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் கிணறெல்லாம் ஏறிவிடும், சுவரும் கீழிருந்து உறிஞ்சும். இதை மறைக்க சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சித்திரையில் வீடு பார்த்து வாங்கிவிட்டு ஐப்பசியில் அலறுகிறவர்கள் அதிகம். வயரிங் மரக்கட்டைப் பட்டியில் ஓடுகிறதா, எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லைப்புறம்

நான் பட்டதைச் சொல்கிறேன், உங்களுக்காவது உதவட்டும். மயிலாடுதுறைப் பக்கம் இதே மாதிரி ஒட்டு வீடு. இடித்துவிட்டுக் கட்டலாம் என்று வாங்கினேன். அளவெல்லாம் சரி, அங்குலம் பிசகவில்லை. இடிக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் கிழக்குச் சுவரில் நாலு வரிசை செங்கல் எடுத்ததும் உள்ளே மரம் தெரிகிறது. எங்கள் வீட்டு மரம் இல்லை. அந்தப் பக்கத்து வீட்டு உத்திரத்தின் தலை! ஒன்றரை அடிச் சுவர், இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான், இரண்டு பக்கத்து உத்திரமும் அதிலேதான் உட்கார்ந்திருக்கிறது. பத்திரத்தில் "கிழக்கு பொதுச் சுவர்" என்று ஒரே ஒரு வார்த்தை. நான் படித்தேன், எனக்கு உறைக்கவில்லை. பத்திரம் பார்த்த வக்கீலும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் என்ன, ஸ்டே ஆர்டர், பதினான்கு மாதம் வேலை நின்றது. கடைசியில் அந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டு, நான் உள்ளே தள்ளி என் செலவில் தனிச் சுவர் எழுப்பினேன். அகலத்தில் ஒன்றேகால் அடி போயிற்று. 24 அடி வீட்டில் இரண்டு பக்கமும் இப்படிப் போனால் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரத்தில் சுவர் பாத்தியம் என்ன எழுதியிருக்கிறது? அதையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு காபி குடித்துப் பேசிவிட்டு வாருங்கள், புரோக்கர் இல்லாமல் போங்கள்.

கும்பகோணத்து_மருமகன்

எல்லோருக்கும் நன்றி. சங்கிலி ஐயா, நேரில் வந்து பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். 1958ஆம் வருஷப் பத்திரம் விற்பவரின் அத்தை வீட்டுப் பெட்டியில் இருந்தது. கையெழுத்தைப் படிக்க மாமனார்தான் வேண்டியிருந்தது. அதில் "தென்வடல் 101 அடி, முனிசிபல் சந்துக்கு வடக்கு" என்று தெளிவாக இருக்கிறது. 1989 பத்திரத்தில்தான் அது 110 ஆகி, சந்து காணாமல் போய், பின்னால் இருப்பவர் கொல்லை எல்லையாகிவிட்டது. வரைபடத்திலும் தெற்கே தனி எண், சந்து என்றே இருக்கிறது. இப்போது அந்த ஒன்பது அடியில் பாத்ரூமும் ஒரு தென்னை மரமும் நிற்கின்றன. பதிவேட்டில் பெயர் விற்பவரின் தாத்தா பெயர்தான், கோயில் இல்லை, அப்பாடா.

கிழக்கு பொதுச் சுவர், மேற்கு சொந்தச் சுவர் என்று இருக்கிறது. இடிக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை. ரௌத்திரம் சார் சொன்ன அனுபவ பாத்தியத்தைத்தான் விற்பவரும் பிடித்துக்கொண்டு பேசுகிறார். அது நிற்குமா?

சங்கிலி_லிங்க்

லிமிடேஷன் சட்டத்தில் (காலவரம்புச் சட்டம்) உள்ளாட்சியின் தெருவுக்கு 30 வருஷம் என்று ஒரு கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது தானாக வந்து மடியில் விழாது. என்றைக்கு வளைத்தோம், விடாமல் வைத்திருந்தோம், அவர்களுக்குத் தெரிந்தே வைத்திருந்தோம் என்பதையெல்லாம் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அதுவும் பொதுச் சந்துக்கு. அந்தக் கேஸை நடத்த வேண்டியது விற்பவர், நீங்கள் ஏன் 206 அடிக்கு 6,59,200 ரூபாய் கொடுத்து ஒரு வழக்கை வாங்குகிறீர்கள்? 101 அடிக்கு விலை பேசுங்கள். அளந்து வருகிற அளவுக்கே பணம் என்று அக்ரிமென்டில் எழுதுங்கள். பாத்ரூமை வடக்கே கொண்டுவர ஆகும் செலவையும் கேட்டுப் பாருங்கள்.

கும்பகோணத்து_மருமகன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அரசு சர்வேயர் வந்து அளந்தார், 221 உறுதி. அன்றைக்குக் கிழக்கு வீட்டு மாமியே சேர் போட்டு உட்கார்ந்து, "அந்தச் சந்துல நான் சின்ன வயசுல ஓடியிருக்கேனே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், விற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உள்ளூர் இன்ஜினியர் ஒருவர் ஏணி போட்டுப் பார்த்ததில் கூடத்தில் மூன்று கட்டைகள் தலை போயிருக்கின்றன, கான்கிரீட் அறைகளில் ஒன்றின் சீலிங் பாதி தட்டினால் உதிர்கிறது. எல்லாம் சேர்த்துப் பேசி, 2379 அடிக்குக் கணக்குப் போட்டு அதிலும் இரண்டு லட்சம் குறைத்திருக்கிறார்கள்.

இன்று பத்திரம் எழுதுபவர் டிராஃப்ட் அனுப்பினார். சொத்து விவரத்தில் மறுபடியும் "தென்வடல் இருபுறமும் 110 அடி" என்று அப்படியே இருக்கிறது. கேட்டால் பழையதைப் பார்த்து டைப் அடித்தேன் என்கிறார்.

சங்கிலி_லிங்க்

பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தால் வாங்காதீர்கள். புதிதாக டைப் அடிக்கச் சொல்லுங்கள், தெற்கு எல்லையில் சந்து என்று போடச் சொல்லுங்கள், டவுன் சர்வே எண்ணையும் சதுர மீட்டரையும் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள்.