பழைய 4-ம் நம்பர் இழைப்புளி: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

வணக்கம். செகண்ட்ஹேண்டில் ஒரு ஸ்டான்லி 4-ம் நம்பர் இரும்பு இழைப்புளி கிடைக்கிறது, 2 அங்குல பிளேடு. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேல்துரு கவலையில்லை, மண்ணெண்ணெயும் வயர் பிரஷும் போதும். பக்கச் சுவரிலும், வாயின் (அடியில் பிளேடு எட்டிப்பார்க்கும் துளை) மூலைகளிலும் விரிசல் இல்லை. சிக்கல் அடிப்பாகத்தில். ஸ்டீல் ஸ்கேலை நெடுக நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முன்முனையும் வாலும் தொடுகின்றன. வாய்க்கு முன்னால் மட்டும் 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறது. அந்த விளிம்பு மரத்தை அழுத்தாவிட்டால் சீவல் பிளேடுக்கு முன்பே பிளந்து, நார் பிய்ந்துவரும். கண்ணாடிமேல் 80 கிரிட் எமரித்தாள் ஒட்டித் தேய்க்கலாம் (பிளேடை உள்ளிழுத்து, பிளேடை அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப்பை இறுக்கியபடிதான், கழற்றிவிட்டுத் தேய்த்தால், மாட்டி இறுக்கியதும் மறுபடி வளையும்). இவ்வளவு குழியைக் கையாலேயே எடுத்தவர்கள் உண்டா? இல்லை, பட்டறையில் இயந்திரத்தில் கொடுத்துத் தட்டையாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங்தான் கதியா?

இன்னொன்று: பிளேடின் தட்டைப் பக்கத்தில், கூர்விளிம்பிலிருந்து 3 மி.மீ. வரை துருக்குழிகள். குழி விளிம்பை எட்டும் இடத்தில் கூர் நிற்காது, இழைத்த பலகையில் கோடு விழும். அந்த 3 மி.மீட்டரைச் சாணையில் தள்ளிவிடலாமா, புது பிளேடு வாங்குவதே மேலா? சாணை பிடித்தால் சூட்டில் முனை நீலம் பாய்ந்து, எஃகின் பதம் (கடினம்) போய்விடுமோ என்றுதான் தயக்கம்.