பூட்டு போடாத பிராக்கெட்டுகள்: சுவர் அலமாரியால் உங்களுக்கு நேர்ந்த அனுபவத்தைப் பகிருங்கள்

பதிவு 1

என் மேசைக்கு மேலே இருந்த அலமாரி விழுந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. யாருக்கும் அடிபடவில்லை என்றாலும், அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. துளை வரிசையுள்ள செங்குத்துச் சட்டத்தில், பலகையைத் தாங்கும் பிராக்கெட்டின் பற்களை மாட்டி நிறுத்தும் வகைதான் அது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே விழுந்த பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அலமாரியின் இடது மூலையில் என் தலை முட்டியது. தலையைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். இடது பிராக்கெட்டின் மேற்பல் துளையை விட்டு வெளியே வந்து, சட்டத்தின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. கை நீட்டித் தாங்குவதா, விலகி ஓடுவதா என்று நான் தயங்கிய நொடியில், வரிசையாக நின்ற கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக இடப்பக்கம் சாயத் தொடங்கின. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். முதல் கோப்பு விசைப்பலகையின்மேல் விழுந்தது. அடுத்து மொத்தமும் வந்தது.

அத்தனை ஆண்டுகள் அசையாமல் நின்ற அலமாரி, ஒரு தலை முட்டியதற்கா கழன்றுவிடும்?

பதிவு 2

கழன்றதில் வியப்பில்லை. அந்தப் பற்கள் கீழ்நோக்கி வளைந்த கொக்கிகள். மேலே பாரம் ஏற ஏற அவை துளைக்குள் இன்னும் இறுக்கமாக உட்காரும். கழற்ற வேண்டுமானால் சற்று மேலே தூக்கி முன்னால் இழுத்தால் போதும். தூக்குவது தச்சரின் கையா, உங்கள் தலையா என்று பிராக்கெட்டுக்குத் தெரியாது. அப்படி மேலே எழும்ப முடியாதபடி, மாட்டிய பின் மிஞ்சும் இடைவெளியை அடைத்து நிற்கும் சிறு நாக்கோ திருகாணியோதான் பூட்டு.

எனக்கு நேர்ந்தது வேறு விதம். பொத்தானை அழுத்தினால் உயரும் மேசையில் வேலை செய்கிறேன். தொலைபேசியில் பேசிக்கொண்டே பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தேன். திரையின் மேல்விளிம்பு அலமாரியின் அடிப்பலகையைத் தொட்டது, மேசை நிற்கவில்லை. பலகை நடுவில் வில்லைப் போல மேல்நோக்கி வளைந்ததைப் பார்த்த பிறகுதான் விரலை எடுத்தேன். திரையைத் தாங்கும் கால் கோணிவிட்டது. பிராக்கெட்டின் பூட்டு மட்டும் இம்மியும் நகரவில்லை.

பதிவு 3

இரண்டாம் பதிவர் சொல்வதைக் கேட்டால், பூட்டு இருந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்பது போலத் தோன்றுகிறது. அதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் அலமாரி விழுந்தபோது நான்கு பூட்டுகளும் போட்டபடியே இருந்தன. சட்டமும் பிராக்கெட்டும் பூட்டும் ஒன்றாகச் சேர்ந்து, சுவரின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தன. சுவர் என்பது வெறும் 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை, பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தைத் தேடிப் பிடிக்காமல், பலகையிலேயே பிளாஸ்டிக் பிளக்கை (திருகாணி பிடித்து நிற்கத் துளைக்குள் செருகும் உறை) வைத்து முடுக்கியிருக்கிறார்கள்.

விழுவதற்கு ஒரு வாரம் முன்பு, சட்டத்தின் மேல்முனைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய நிழல் ஒன்றைக் கண்டேன். விளையாட்டாக என் அடையாள அட்டையை அதில் செருகிப் பார்த்தேன். பாதி வரை உள்ளே போனது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சதுர மீட்டருக்கு 80 கிராம் தரத்தில் ஒரு ரீம், அதாவது 500 ஏ4 தாள்கள், சுமார் 2.5 கிலோ. ஒவ்வொன்றிலும் அந்த அளவு காகிதம் உள்ள பத்துக் கோப்புகள் என்றால் 25 கிலோ. அந்தப் பாரத்தின் மையம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்து, பிராக்கெட்டின் அடிவிளிம்புக்கும் மேல் திருகாணிக்கும் உள்ள தூரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை மொத்தம் 37.5 கிலோவுக்குச் சமம். பாரத்தை விடப் பிடுங்கும் விசை அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

பதிவு 4

மடக்கு மேசையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. சுவரோடு மடங்கும் மேசைக்கு இரண்டு பிராக்கெட்டுகள். தூக்கி விரித்தால் இரண்டும் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரே ஒரு ‘டக்’தான் கேட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மடிக்கணினியை வைத்தேன். வலப்பக்கம் மெல்ல இறங்கியது. பிடிக்கப் போன கையின் நடுவிரல் பிராக்கெட்டின் இரு தகடுகளுக்கு நடுவே அகப்பட்டது. நகம் கறுத்து விழுந்து, புதிதாக முளைத்திருக்கிறது.

பதிவு 5

என் அனுபவம் சிறியது: பூட்டில்லாத அலமாரி ஒன்றை நானே தூசி தட்டும்போது கழற்றிவிட்டேன், அது காலியாக இருந்தது. முதல் பதிவருக்கு மட்டும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். புதிய அலமாரியை மாட்டியதும் அதன் முன்விளிம்பில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மேலே தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் பூட்டு பிடிக்கவில்லை என்று பொருள். ஒரு தயாரிப்பின் சட்டத்தில் வேறொரு தயாரிப்பின் பிராக்கெட்டை மாட்டாதீர்கள், ஏனென்றால் துளைகளின் இடைவெளி மயிரிழை மாறினாலும் மேற்பல் மட்டும் உட்கார்ந்து கீழ்ப்பல் வெறுமனே சாய்ந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரசமட்டத்தைப் பலகையின்மேல் வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. இரண்டு சட்டங்களிலும் மேலிருந்து துளைகளை எண்ணி, பிராக்கெட்டுகள் ஒரே எண்ணுள்ள துளையில் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். கனமான கோப்புகளைச் சுவரை ஒட்டி வையுங்கள். பிளக் சுற்றிச் சுழன்றால் அதே துளையில் பெரிய திருகாணியைத் திணிக்காமல், வேறு இடத்தில் துளையிடுங்கள். பேனா விழுந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் குனியுங்கள்.

பதிவு 6 (முதல் பதிவர்)

கடைசி அறிவுரைக்கு நன்றி ஐயா, பேனாவை இப்போது கயிற்றில் கட்டியிருக்கிறேன். பதிவு 2-ஐப் படித்த பிறகு, விழுந்த பிராக்கெட்டுகளைப் பண்டக அறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் மேற்பல்லுக்குப் பக்கத்தில் பூட்டுக்கான சிறு துளை இருக்கிறது. துளையைச் சுற்றியுள்ள வண்ணப்பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. அதே அறையின் இழுப்பறையில், பின்னூசி போட்டு மூடிய சிறு உறை ஒன்று கிடைத்தது. உள்ளே பன்னிரண்டு பூட்டுகள். எங்கள் பிரிவில் இன்னும் ஐந்து அலமாரிகள் நிற்கின்றன. நாளைக் காலை அவற்றுக்குக் கீழே யாரையும் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த உறையோடு தச்சருக்காகக் காத்திருக்கிறேன்.