புதுப்பிப்பு: பியரிங்கில் வரும் டிஎஸ்சிபி குறியை நம்பலாமா?

பியரிங் போர்ட்டில் (வேறொரு நெட்வொர்க்கோடு, அதாவது பியரோடு, நேரடியாக இணையும் போர்ட்) உள்ளே வரும் டிஎஸ்சிபி குறிகளை (பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் 6 பிட் எண்) அப்படியே ஏற்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு: ஒப்பந்தம் இல்லாத பியரிடமிருந்து வரும் எல்லாப் பாக்கெட்டின் குறியையும் 0 ஆக்கிவிட வேண்டும்.

முதல் ஆபத்து 48, 56 (நெட்வொர்க்கின் சொந்தக் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கான குறிகள்). வெளியாரின் டிராஃபிக் இந்தக் குறியோடு நம் கன்ட்ரோல் க்யூவை (அந்தச் செய்திகளுக்கான வரிசை) நிரப்பினால், பிஜிபியின் (நெட்வொர்க்குகள் வழித்தடத் தகவல் பரிமாறும் நெறிமுறை) 'இணைப்பு உயிரோடு இருக்கிறது' என்னும் கீப்அலைவ் செய்தி தொலையும், அதற்காகக் காத்திருக்கும் ஹோல்ட் டைமர் முடிந்து செஷன் விழும். எந்த ஒப்பந்தத்திலும் இவற்றுக்கு விலக்கு தராதீர்கள். பியருடனான பிஜிபி மட்டும் (டிசிபி 179, அவர்கள் ஐபி) தனி விதியாக முன்னால் இருக்கட்டும்.

குரலுக்கான 46-ஐ ஏற்பதானால் போலீசர் (வேக வரம்பை மீறும் டிராஃபிக்கைப் பிடிக்கும் விதி) கட்டாயம். போர்ட்டின் 5 சதவீதத்தில் தொடங்கலாம். மிஞ்சுவதைக் குறி மாற்றி அனுப்பாமல் டிராப் செய்யுங்கள். வேறு க்யூவில் போய் வரிசை குலைந்து தாமதமாக வரும் குரல் பாக்கெட் எதற்கும் உதவாது.

சோதிக்க, பிங்கில் டாஸ் பைட்டை (ஐபி ஹெடரில் டிஎஸ்சிபி மேல் 6 பிட்களாக இருக்கும் பைட்) 184 (46×4) என வைத்து அனுப்பி, மறுமுனையில் டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கருவி) பாருங்கள். 46 அனுப்பி 6 வந்தால், வழியில் ஏதோ ரவுட்டர் பழைய பிரசிடென்ஸ் முறையில் (முன்னுரிமைக்கு மேல் 3 பிட்களை மட்டும் பார்க்கும் முறை) அந்த 3 பிட்களை அழிக்கிறது. அப்போது ஏஎஃப்11 (குறி 10), ஏஎஃப்41 (குறி 34) என்ற வெவ்வேறு வகுப்புகள் இரண்டும் 2 ஆகிவிடும். பிரித்தறிய வழியே இல்லை. போர்ட், ஐபி பார்த்து நாமே மறுபடி குறியிட வேண்டியதுதான்.

ஐபிவி6-க்கும் இதே விதிகளைத் தனியாகப் போடுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.