ஷிம்மெல்மான் பணம்: பீங்கானா, சர்க்கரையா?

ஏட்டுப்பூச்சி:
டென்மார்க்கின் கருவூலத் தலைவராயிருந்த வணிகர் ஹைன்ரிஷ் கார்ல் ஃபொன் ஷிம்மெல்மான் (1724–1782) பற்றிக் குறிப்பெடுக்கிறேன். ஜெர்மனியின் சாக்சனியில் செய்யும் மைசென் பீங்கான் விற்றுச் சம்பாதித்தார் என்று ஓரிடத்தில் இருக்கிறது, கரும்புத் தோட்டத்தால் என்று இன்னோரிடத்தில். எது முதலில்? அடிமை வணிகத்தைத் தடை செய்தவரும் இவர்தானா?

பழைய துட்டு:
பீங்கான்தான் முதலில். அதற்கும் அடியில் தானியம் கிடக்கிறது. ஆள் பிறவிப் பிரபு அல்ல, வட ஜெர்மனியின் டெம்மின் ஊர் வணிகர் மகன். ஏழாண்டுப் போரில் (1756–63) பிரஷ்யப் படைக்குத் தானியம் கொடுத்தார். சாக்சனியில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் கைப்பற்றிய மைசென் சரக்கை 1,20,000 தாலருக்கு (அக்கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) மொத்தமாக எடுத்து, ஒரு பகுதியைப் பறிகொடுத்தவர்களுக்கே விற்றார். மிச்சம் ஹாம்பர்க்கில் ஏலம் போனது.

நிலம் அப்புறம்தான்: 1759இல் அரென்ஸ்பர்க், 1762இல் வாண்ட்ஸ்பெக். இரண்டும் ஹாம்பர்க் நகரை ஒட்டியவை. பண்ணை வருமானத்தைவிட அந்தஸ்துக்கே அவை அதிகம் உதவின என்பது என் கருத்து. 1762இல் பாரன் பட்டம், 1768இல் டென்மார்க்கின் கருவூலத் தலைவர் பதவி, 1779இல் அதைவிட உயர்ந்த கவுண்ட் பட்டம்.

கப்பல் கணக்கு:
கரும்பு 1763இல் வருகிறது. கரீபியன் கடலில் செயின்ட் குரோய் உள்ளிட்ட டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் டேனிஷ் மன்னருக்குச் சொந்தமாயிருந்த தோட்டங்களையும் கோபன்ஹேகன் சர்க்கரை ஆலையையும் சேர்த்தே வாங்கினார். சூட்சுமம் அந்தச் 'சேர்த்தே'யில்தான். டென்மார்க்கின் ஹெல்லெபெக்கில் அவருடைய துப்பாக்கித் தொழிற்சாலை, வாண்ட்ஸ்பெக்கில் அச்சுத்துணி. இந்தச் சரக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கடற்கரைக்குப் போகும். அங்கிருந்து அடிமைகளாக மனிதர்கள் தோட்டத்துக்கு. சர்க்கரை மறுபடி அவர் ஆலைக்கு. எந்தக் கட்டத்திலும் லாபம் வெளியாளுக்குப் போகவில்லை. சாகும்போது ஏறக்குறைய 1,000 அடிமைகள் அவர் உடைமை. (டேனியரின் கினியா வணிகத்தில் தரங்கம்பாடி வழியாகப் போன நம்மூர்த் துணிக்கும் இடமுண்டு.)

ஏட்டுப்பூச்சி:
தடை பற்றி?

பழைய துட்டு:
அது மகன் எர்ன்ஸ்ட் (1747–1831). பலர் இருவரையும் குழப்புகிறார்கள். அடிமை வணிகத்தைத் தடுத்த டேனிஷ் அரசாணை 1792 மார்ச் 16, அமலுக்கு வந்தது 1803. இடைப்பட்ட பத்தாண்டில் தோட்டக்காரர்கள் ஆள் சேர்த்துக்கொள்ள அரசே கடன் கொடுத்தது. நின்றது கடல்வழி வணிகம் மட்டும். அடிமைமுறை அந்தத் தீவுகளில் 1848 வரை இருந்தது. எர்ன்ஸ்ட்டும் தோட்ட வாரிசுதான், ஆகவே 'அடிமைகளை விடுவித்தவர்' என்று எழுதிவிடாதீர்கள்.

கப்பல் கணக்கு:
இன்னொன்று. வாண்ட்ஸ்பெக்கில் 2006இல் வைத்த தந்தையின் மார்பளவுச் சிலை, எதிர்ப்பு கிளம்பியதால் 2008இல் அகற்றப்பட்டது. பழைய கட்டுரையில் 'இன்றும் நிற்கிறது' என்றிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.