கார் இல்லாமல் புலாவ் உபின்: போய்வருபவர்கள் சொல்லும் விவரங்கள்

தெம்பனிஸ்வாசி

சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள உபின் தீவுக்குக் காரைக் கொண்டுபோகவே முடியாது. ஆகவே கார் இல்லாதவருக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனிஸிலிருந்து 29. சாங்கி வில்லேஜ் முனையத்தில் இறங்கினால் உணவங்காடி நிலையத்தைத் தாண்டிச் சில நிமிட நடையில் படகுத்துறை.

முன்பதிவெல்லாம் கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் பம்போட் என்ற சிறு மோட்டார் படகு கிளம்பும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. ஆளுக்கு ஒரு வழிக்கு 4 வெள்ளி, சொந்த சைக்கிளுக்கு இன்னும் 2 வெள்ளி. வார இறுதிக் காலையில் படகு உடனே நிறைந்துவிடும். வார நாள் மதியத்தில்தான் பொறுமை தேவை. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், வேறு யாரும் வரவில்லை என்றால் முழுப் படகுக் கட்டணமான 48 வெள்ளியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தலைக்கு 6 வெள்ளிதான் ஆகும்.

ரொக்கம் சாங்கியிலேயே எடுத்துவிடுங்கள். தீவில் ஏடிஎம் இல்லை. குழாய்த் தண்ணீரும் இல்லை, கிணற்று நீர்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர் கொண்டுபோவது நல்லது.

சங்கிலிக்காரன்

வாடகை சைக்கிள் பற்றி. கடைகள் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பிரேக் இரண்டையும் தனித்தனியாக இறுக்கிப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் நகர்ந்தால் வேறு வண்டி கேளுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றிக்கொண்டே எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள். இருக்கையைப் பிடித்துத் திருகினால் அசையக்கூடாது. தலைக்கவசமும் பூட்டும் கேட்டு வாங்குங்கள். கடையின் தொலைபேசி எண்ணையும் மூடும் நேரத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டயர் பஞ்சரானால் அதுதான் உதவும்.

விழுபவர்கள் பெரும்பாலும் இறக்கத்தில்தான் விழுகிறார்கள். தீவின் கிழக்குமுனைச் சதுப்புநிலமான செக் ஜாவா பக்கம் தார் முடிந்து சரளை தொடங்கும். வேகமாக வந்து முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள், இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். ஏற்றத்திலும் கியரை முன்கூட்டியே மாற்றவேண்டும். பாதி மேட்டில் பலம்கொண்டு மிதித்தபடி மாற்றினால் சங்கிலி கழன்றுவிடும். "இறங்கித் தள்ளவும்" என்ற பலகையைப் பார்த்தால் தள்ளுவதில் வெட்கம் வேண்டாம்.

மேற்கே கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் சுமார் 10 கிலோமீட்டர் பாதை உண்டு. கூடை வைத்த வாடகை வண்டிக்கு அது ஏற்ற இடமல்ல.

அலைக்கணக்கு

செக் ஜாவாவுக்குக் கிளம்புமுன் அலை அட்டவணையைப் பாருங்கள். நீர்மட்டம் 0.5 மீட்டரோ அதற்குக் கீழோ இறங்கும் நேரத்தில் போனால்தான் கடற்புல்லும் மணல்திட்டும் வெளிப்படும். நீர் உயர்ந்திருக்கும்போது போய்விட்டு "ஒன்றுமே இல்லையே" என்பவர்கள் ஏராளம். ஆண்டின் நடுப்பகுதியில் நீர் மிகத் தாழ்வது பெரும்பாலும் விடியலுக்கு முன்புதான். இடமோ காலை 8.30 முதல் மாலை 6 வரைதான் திறந்திருக்கும். ஆகவே பகலில் தாழும் நாளைத் தேடிப் பிடிக்கவேண்டும். அடிமட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள்.

சைக்கிளை நுழைவாயிலில் பூட்டிவிட்டு நடக்கவேண்டும். கடலோரப் பலகைப் பாதை, சதுப்புநிலப் பாதை, சுமார் 20 மீட்டர் உயர ஜெஜாவி பார்வைக் கோபுரம் மூன்றும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பராமரிப்புக்காகச் சில பகுதிகளை மூடுவதுண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பை முதல்நாள் பார்த்துவிடுங்கள். 2001இல் கடலை நிரப்பி நிலமாக்கும் திட்டம் தள்ளிவைக்கப்பட்டதால் தப்பிய இடம் இது. மணலில் இறங்கி மிதிக்காதீர்கள்.

சீமேய் அக்கா

தம்பி, பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துறையிலிருந்து செக் ஜாவா மூன்று கிலோமீட்டருக்கு மேல். நடந்தால் போக மட்டும் முக்கால் மணி நேரம், ஏற்ற இறக்கம் வேறு. துறையருகே வேன்கள் கிடைக்கும். கட்டணத்தையும் திரும்பி அழைத்துவரும் நேரத்தையும் ஏறுமுன் பேசிவிடுங்கள். செக் ஜாவா மட்டும்தான் பார்க்கப்போகிறோம் என்றால் சைக்கிளைவிட வேனே மேல் என்பேன். முட்டி வலிக்காரர்கள் தண்ணீர் நிறைந்த பழைய பெக்கான் கற்சுரங்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். துறைக்குப் பக்கம், கொக்கும் நாரையும் நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் அந்தச் சத்தத்துக்கே வரும். எதற்கும் தீனி போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

தெம்பனிஸ்வாசி

அக்கா சொன்னதோடு இரண்டு. வடக்குக் கரையில் கைப்பேசி மலேசியக் கட்டமைப்பைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள். திரும்பும்போதும் 12 பேர் கணக்குத்தான். ஆறு மணிக்கு மேல் ஆள் குறைந்தால் காலி இருக்கைக்கும் நீங்களே கொடுக்க நேரும். இடி மின்னல் வந்தால் படகு நிற்கலாம், ஐந்து மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள்.