ஹேண்டில்பாருக்கு ‘மேழி’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் மோட்டார் சைக்கிள் கலைச்சொல் பட்டியலில், வண்டியைத் திருப்பப் பிடிக்கும் குறுக்குக் குழாயான ஹேண்டில்பாருக்குக் ‘கைப்பிடி’ என்றும், வண்டி செய்தவரல்லாத மற்றவர் செய்து விற்கும் பாகங்களைச் சொல்லும் ஆப்டர்மார்க்கெட்டுக்குப் ‘பின்சந்தை’ என்றும் எழுதி இந்த இழையை முடித்துவிடலாம் என்று பலர் ஒப்பியிருக்கிறீர்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தை என் வண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போகிறேன். கத்திப்பாரா, வடபழனி, கோயம்பேடு, பாடி என்று நின்று நின்று ஊரும் பாதை. என் வண்டியின் ஹேண்டில்பார் தாழ்வானது. உடம்பு முன்னால் கவிந்தே இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் நெஞ்சில் மோதும் காற்று உடம்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். சிக்னலுக்குச் சிக்னல் ஊரும்போது அந்தத் தாங்கல் இல்லை. மேலுடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கிவிடும். சில மாதங்களில் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிப்பகுதியைக் கடந்துதான் போகிறது. நான் கையை ஊன்றியிருந்த இடமும் அதுதான்.

ஒரு பட்டறைக்குப் போய், “கைப்பிடியை மாற்ற வேண்டும்” என்றேன். வேலை செய்யும் பையன் புதிய ரப்பர் கிரிப் இரண்டைக் கொண்டுவந்து நீட்டினான். அவன்மேல் தவறே இல்லை. கை பிடிக்கிற இடம்தானே கைப்பிடி? பின்னால் உட்காருபவர் பற்றிக்கொள்ளும் கம்பிக்கும் நாம் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். ஒரு வண்டியில் மூன்று பொருளுக்கு ஒரே பெயர் என்றால் அதைக் கலைச்சொல் என்று எப்படிச் சொல்வது?

“ஹேண்டில்” என்று திருத்திச் சொன்னேன். “எனக்கு இன்னும் கிட்டத்தில் வர வேண்டும்” என்றும் சொன்னேன். மாலையில் போய்ப் பார்த்தால் உயரமான ஒன்றை மாட்டியிருந்தார்கள். மேலே எழுந்திருந்தது, என்னை நோக்கி ஒரு விரற்கடைகூட வரவில்லை. தோள்களைத் தூக்கியபடியே ஓட்ட வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய தவறு, உயரம் கூடிய பிறகும் பழைய ஆக்சிலரேட்டர் கேபிளையே இழுத்து மாட்டியிருந்தது. மறுநாள் நெரிசலில் வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பினேன். நான் முறுக்காமலேயே எஞ்சின் உறுமியது. கிளட்ச் கையில் இருந்ததால் தப்பித்தேன். எப்படிப்பட்ட ஹேண்டில்பாரை மாட்டினாலும், வண்டியை நிறுத்திவைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடினால் கேபிள் போதவில்லை, அல்லது வழி மாறிப் போயிருக்கிறது என்று பொருள். பிரேக் குழாயும் எந்தக் கோடியிலும் விறைத்து நிற்கக் கூடாது.

‘உயரம்’ ஒன்றுக்குத்தான் எங்கள் இருவரிடமும் சொல் இருந்தது, அதனால் உயரம் மட்டும் மாறியது. அந்த மாலையிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் முன்மொழிவு: ஹேண்டில்பார் என்பதற்கு மேழி. கைப்பிடி என்பது ரப்பர் கிரிப்புக்கு மட்டும்.

மேழி என்பது கலப்பையில் உழவர் கைவைக்கும் பகுதி. கொழு மண்ணுக்குள் இருக்கும், ஏர்க்கால் நுகத்தோடு இருக்கும், மனிதர் கை மேழியில் இருக்கும். ஆழத்தையும் நேரையும் அங்கிருந்துதான் ஆள்கிறார்கள். மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். மேழி ஆளின் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால் சாயங்காலம் இடுப்பு நிமிராது என்றார். நான் ஹேண்டில்பாரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவராகவே உயரத்துக்கு வந்தார். இரண்டே எழுத்து, பள்ளியில் மனப்பாடம் செய்த வரியால் பலருக்கும் பழகிய சொல். இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நேற்று இரண்டு பேருக்குத் தனிமடலில் இதை அனுப்பியிருந்தேன். பதில்களைப் பொதுவில் வைக்க அவர்களே சொன்னார்கள்.

> மேழியை ஒரு கையால்தான் பிடிப்பார்கள், மறு கையில் தார்க்குச்சி இருக்கும். ஹேண்டில்பார் இரு கைக்கானது. உருவமும் வேறு, செயலும் வேறு. பொருந்துமா?

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் ஆரக்காலைப் பாருங்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் தடித்த மரம். சுமை மேலிருந்து அமுக்க, அச்சுக்குக் கீழே இருக்கும் கால் தூண்போல நின்று தாங்குகிறது. சைக்கிள் சக்கரத்தில் அது மெல்லிய கம்பி. தூணாக நிறுத்தினால் வளைந்துவிடும். முன்கூட்டியே முறுக்கி இழுத்துவைத்த விறைப்பில்தான் அது சக்கரத்தைக் காக்கிறது. தாங்கும் முறையே தலைகீழ். இருந்தும் ஆரக்கால் என்ற சொல் மரத்திலிருந்து கம்பிக்கு வந்தது, யாருக்கும் குழப்பமில்லை. ஒரு கையிலிருந்து இரு கைக்கு மேழி வருவது அதைவிடச் சிறிய தாவல்.

> சுக்கான் ஏற்கெனவே இருக்கிறதே?

சுக்கான் நல்ல சொல், ஆனால் கார் ஸ்டீயரிங்குக்கு அதை விட்டுவைப்போம். கப்பலின் சுக்கான் திருப்புவதற்கு மட்டும்தான்; அதில் யாரும் தன் பாரத்தைச் சாய்ப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் நாம் திருப்புவது, சாய்வது, தாங்குவது எல்லாம் அந்த ஒரே குழாயில்தான். என் விரல்கள் மரத்துப்போனது திருப்பியதால் அல்ல, தாங்கியதால்.

அடுத்து அளவுகள். எவ்வளவு மேலே எழுகிறது என்பதற்கு ஏற்றம். எவ்வளவு ஓட்டுபவரை நோக்கி வருகிறது என்பதற்கு அணைவு. ‘பின்வளைவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வளைவு வடிவத்தைச் சொல்கிறது; நமக்கு வேண்டியது நெருக்கத்தைச் சொல்லும் சொல். அணைதல் என்றால் கிட்ட வருதல், படகு கரையை அணைகிறது என்கிறோம் அல்லவா? அகலத்துக்கு அகலமே போதும். அகலம் கூடினால் நெம்புவிசை கூடும், திருப்ப எளிது. ஆனால் அண்ணா சாலையில் இரண்டு பஸ்களுக்கு நடுவே அதன் விலை தெரியும். ஏற்றத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. உடம்பு முழுக்க நிமிர்ந்துவிட்டால் மணிக்கட்டு விடுபடும், ஆனால் பள்ளத்தின் அடியெல்லாம் நேராக முதுகெலும்பில் ஏறும். எனக்கு ஏற்றத்தைவிட அணைவுதான் தேவைப்பட்டது என்பதை இரண்டாவது முறைதான் உணர்ந்தேன்.

குழாயின் தடிப்பையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடி ஏறும் இடம் 22 மி.மீ. இருக்கும். நடுவில் 28.6 மி.மீ. தடித்து, முனைக்கு வரும்போது 22 மி.மீ. ஆகச் சிறுக்கும் வகை ஒன்று உண்டு. குழாயை வண்டியோடு இறுக்கும் பழைய கவ்விகள் அதற்குப் பொருந்தா. இந்த வகையைக் கூம்பு மேழி எனலாம்.

இனி ஆப்டர்மார்க்கெட். ‘பின்சந்தை’ என்றால் எனக்குச் சந்தையின் பின்புறம்தான் கண்ணில் படுகிறது. அந்தச் சொல்லை உடைத்துப் பொருள் பார்த்தாலும் தமிழர் ஒருவருக்கு எதுவும் கிடைக்காது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கடைக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: “கம்பெனியா, வெளியா?” வண்டி செய்தவரே செய்தது கம்பெனி, மற்றவர் செய்தது வெளி. வீட்டில் சமைக்காததை வெளிச்சாப்பாடு என்கிறோமே, அதே வெளி. எனவே ஆலைமேழி, வெளிமேழி. எந்தப் பாகத்துக்கும் இதே இணையை நீட்டலாம்: ஆலைக்கண்ணாடி, வெளிக்கண்ணாடி, ஆலையிருக்கை, வெளியிருக்கை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வண்டி மாறக்கூடாது என்ற நோக்கில்தான் பேசுகிறது. ‘ஆலை’ என்ற சொல் அந்தக் கோட்டைத் தெளிவாகக் காட்டும்.

எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேபிள், கிளட்ச், பிரேக் ஆகியவை தமிழாகிவிட்டன, இருக்கட்டும். ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் தமிழ் இருக்கும்போது அதை விடவும் மனமில்லை. சுவிட்ச் பெட்டி குழாயில் சுற்றாமல் இருக்க உள்ளே ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும், அது போய் உட்கார மேழியில் ஒரு துளை வேண்டும். வெளிமேழிகளில் பலவற்றில் அந்தத் துளை இருக்காது. அதற்கு முளை, முளைத்துளை. மாடு கட்டும் முளையைத் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். சிலர் துளையிடச் சோம்பி முளையை அரத்தால் தேய்த்துவிடுகிறார்கள். பெட்டி வழுக்கிச் சுற்றும், ஆக்சிலரேட்டரும் அதோடு போகும். மேழியின் இரு முனைகளிலும் மாட்டும் இரும்புக் குண்டுக்கு முனைக்குண்டு. அதை அழகுக்கென்று நினைத்துக் கழற்றாதீர்கள், அதிர்வைத் தணிப்பது அதுதான்.

இரண்டாவது முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: “வெளிமேழி. குழாய் 22 மி.மீ. ஏற்றம் குறைவு, அணைவு அதிகம். முளைத்துளை இட வேண்டும். கேபிள் நீளம் பார்க்க வேண்டும்.” அவருக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். தாளைப் படித்தார். “மேழின்னா ஹேண்டிலா?” என்று ஒருமுறை கேட்டார், ஆம் என்றேன். அணைவு எதைக் குறிக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. கையை மடக்கி நெஞ்சுப்பக்கம் இழுத்துக் காட்டினார். என்னை வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக் கையை இயல்பாக நீட்டச் சொல்லி, கை நின்ற இடத்துக்கு மேழியைச் சுழற்றி வைத்து இறுக்கினார். விரல் மரப்பு மூன்று வாரத்தில் பெரும்பாலும் நீங்கியது.

1955-இல் மோட்டார் சைக்கிள் நிறுவனமான என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய ஊர் சென்னை. இன்றும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள்கள் ஆலையிலிருந்து வெளிவருகின்றன. இந்தச் சொற்கள் இங்கிருந்து போகவேண்டும் என்பது என் ஆசை.

முடிவாகாத ஒன்று இருக்கிறது, குழுவின் உதவி தேவை. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 வண்டியில் மேழி அகலமான ஒரே குழாய். கான்டினென்டல் ஜிடி 650 வண்டியிலோ, முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் போர்க்கின் இரு கால்களையும் தனித்தனியே கவ்விய இரு துண்டுகள். எஞ்சின் ஒன்றே, உட்காரும் விதம் வேறு. இந்தத் துண்டு வகைக்குக் கவைமேழி என்று நினைக்கிறேன். கவை என்றால் இரண்டாகப் பிரிந்த கிளை; போர்க்குக்கு அது தானே வந்து பொருந்துகிறது. ஆனால் போர்க்கின் ஒரு காலை மட்டும் சொல்லக் ‘கவைக்கால்’ என்றால், முழுக் கவையையும் அப்படியே படிப்பார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. கிராமத்தில் கவட்டைக் கிளையின் ஒரு பிரிவுக்குத் தனிப்பெயர் கேட்டவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து