வெளிச்சுவர்ப் பூச்சு உதிர்கிறது: மேலால் பூசலாமா, கொத்த வேண்டுமா?

கிணற்றடி:
வணக்கம். யாழ்ப்பாணம் அராலியில் அப்பப்பா கட்டிய கல்வீடு. சுண்ணாம்புக் கல், சுண்ணாம்புச் சாந்து. மூன்று வருடத்துக்கு முன் வெளிப்பக்கம் முழுக்கச் சீமெந்து பூசிப் பெயின்ற் அடித்தோம். இப்போது நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்துக்குப் பெயின்ற் கொப்பளித்து, தொட்டால் பூச்சு மாவாகக் கொட்டுகிறது. மேலே வெடிப்பு மட்டும்தான். "மேலால் இன்னொரு பூச்சுப் போட்டால் சரி" என்கிறார் மேசன். மாரிக்கு முன் முடிக்க வேண்டும்.

பனங்கொட்டை:
வோட்டர் புரூஃப் பெயின்ற் இரண்டு கை அடித்து விடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

முற்றத்து வேம்பு:
அண்ணை, உங்களுடையது சீமெந்துப் புளொக்கல் வீடாக இருக்கும். கல்வீட்டை அப்படி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.
கிணற்றடி தம்பி, ஸ்குரூ டிரைவர் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டு போங்கள், பூச்சு கல்லை விட்டுக் கழன்ற இடத்தில் வெறும்பானைச் சத்தம் கேட்கும். கொட்டுகிற தூளில் கொஞ்சம் நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். போனமுறை எந்தத் தண்ணீரில் குழைத்தார்கள்?

கிணற்றடி:
கீழே முழுக்க வெறும்பானைச் சத்தம். மேலே ஜன்னலடியில் இரண்டு இடத்தில் மட்டும். தூள் உப்புக் கரிக்கிறது. ("சுவரை நக்குறியோ?" என்று அம்மா சிரிக்கிறா.) குழைத்தது எங்கள் கிணற்றுத் தண்ணீரில். சவர்த் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது.

முற்றத்து வேம்பு:
அதுதான் வினை. நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வெளியே காய்ந்து போகும். சீமெந்தும் பெயின்றும் வழியை அடைக்க, உப்பு பின்னால் கட்டிபட்டுப் பூச்சைத் தள்ளுகிறது. போதாததற்குச் சவர்த் தண்ணீரால் நீங்களும் உப்பு ஊட்டியிருக்கிறீர்கள்.

ஈரம் ஏறிய கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை, கல் தெரியக் கொத்துங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி அள்ளி எறியுங்கள், தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பிறகு சில வாரம் வெயிலுக்கு விடுங்கள். அவசரப்பட்டால் செலவு வீண்.

சாந்துக்கு ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு கழுவிய மணல். "இதென்ன பலமில்லாத கலவை" என்பார் மேசன். பூச்சு கல்லை விடப் பலம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு தரமாக, ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு மேற்படாமல். குழைக்கவும் ஒரு கிழமை நனைக்கவும் நல்ல தண்ணீர் பவுசரில் (தண்ணீர் லொறியில்) எடுங்கள். மேலே பெயின்ற் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள். ஜன்னலடியில் சத்தம் கேட்ட துண்டை மட்டும் வெட்டிப் பூசினால் போதும்.

சுவரோடு ஒட்டிச் சீமெந்துத் தரை இருக்கிறதா? கூரை விளிம்பில் மழைநீர் ஏந்தும் பீலி ஒழுகுகிறதா?

கிணற்றடி:
இரண்டும் இருக்கிறது! பீலி ஒழுகுகிற மூலையில்தான் பூச்சு மோசம்.

முற்றத்து வேம்பு:
முதலில் பீலி. தரையைச் சுவரோரமாக ஓரடி அகலத்துக்கு உடைத்துச் சல்லிக்கல் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன், ஆவணிக்குள் பூசி முடியுங்கள்.

கிணற்றடி:
பீலி மாற்றியாயிற்று. மணலைக் கழுவச் சொன்னதற்கே மேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வேறு ஆள் தேடுகிறேன்.